வழி காட்டும் கருவி: ஓட்டுநர் எதை வாங்குவது, எதை நம்புவது?



பெங்களூரு நகரம். மதியம் ஒரு மணி. ஒரு டெலிவரி ஊழியர் பைக்கில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார். அவரிடம் ஒரு முகவரி இருக்கிறது. நாலாவது மெயின், எட்டாவது கிராஸ். அவர் நிற்பதும் எட்டாவது கிராஸ்தான். நாலாவது மெயினும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுள்ள வீட்டை மட்டும் காணோம்.

ஏன் அப்படி? பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை ஓர் எட்டாவது கிராஸ் உண்டு. ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இவர் வந்து சேர்ந்தது அடுத்த லேஅவுட். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் போன் மேல் போன் போடுகிறார். அடுத்த ஆர்டர் கைநழுவிப் போகிறது.

செல்போன் அவருக்கு வழி காட்டவில்லையா? காட்டியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கேள்விதான் அரைகுறை.

இப்படி நாளுக்கு 8 கிலோமீட்டர் வீணாகச் சுற்றினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைக் ஒரு லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோமீட்டருக்கு 20 ரூபாய். மாதம் 26 நாள் வேலை. 520 ரூபாய் போய்விட்டது. இது பெட்ரோல் மட்டும். போன நேரத்துக்கும், தவறிய ஆர்டருக்கும், வாங்கிய திட்டுக்கும் கணக்கு ஏது?

அதனால்தான் வழி காட்டும் கருவியைத் தெரிந்து வாங்க வேண்டும். தெரிந்து பயன்படுத்தவும் வேண்டும்.

வானத்தில் ஒரு கடிகாரம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க நாட்டின் ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அதன் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று செல்போன் கணக்கிடுகிறது. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் போன் இருக்கும் இடமும் தெரிந்துவிடும்.

வானொலி அலை ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அவ்வளவு நுட்பமான வேலை இது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் தெருவுக்குத் தெரு வழி காட்டுவது எளிதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் அலையை வாங்க இன்டர்நெட் தேவையில்லை. சிம் கார்டில் பணம் தீர்ந்தாலும் போன் தான் இருக்கும் இடத்தை அறியும். இன்டர்நெட் தேவைப்படுவது மேப்புக்கு. எந்தச் சாலையில் நெரிசல் என்ற தகவலுக்கும் அதுதான் தேவை. இடத்தை அறிவது ஒரு வேலை. மேப் காட்டுவது இன்னொரு வேலை. வழி தவறினால் பலரும் ஜி.பி.எஸ்.மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் பிசகியது மேப்பாக இருக்கும். அல்லது கொடுத்த முகவரியாக இருக்கும்.

திறந்த வெளியில் நல்ல செல்போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அப்படி இல்லை. அலை சுவரில் மோதித் திரும்பி வரும். போன் ஏமாந்துபோகும். பக்கத்துத் தெருவில் வண்டி ஓடுவதாகக் காட்டும். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் தெரிகிறதே, அது சும்மா அழகுக்கு இல்லை. வட்டம் பெரிதானால் போனுக்கே சந்தேகம் என்று பொருள்.

இந்தியாவுக்குச் சொந்தமான ஏற்பாடும் உண்டு. பெயர் நாவிக். இதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியாவையும் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையும் பார்த்துக்கொள்வது இதன் வேலை. சில செயற்கைக்கோள்களில் கடிகாரங்கள் பழுதாயின. அதற்குப் பிறகு 2023 மே மாதம் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு புதியது ஒன்று போனது. 2025 ஜனவரியில் ஏவியது உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் இதே போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. இன்றைய செல்போன்கள் இவற்றில் பலவற்றைச் சேர்த்தே கேட்கின்றன. எத்தனை அதிகமோ அத்தனை நல்லது. போன் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். நாவிக் வேலை செய்யுமா? இரட்டை அலைவரிசை உண்டா? நெருக்கடியான நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இரண்டாவது கேள்வி மிகவும் முக்கியம். காமிரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட முக்கியம்!

மூன்றும் ஒன்றல்ல

"எங்கள் வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது" என்று சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். பார்த்தால் வண்டிக்குள் எங்கோ ஒரு சிறு பெட்டி மறைந்திருக்கும். அது ஓட்டுநருக்கு வழி சொல்லாது. வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குச் சொல்லும். அவ்வளவுதான். பேருந்து, டாக்சி போன்ற பயணிகள் வண்டிகளில் இப்படி ஒரு கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆட்டோவுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் தனிக் கருவி. வழி காட்டுவது ஒன்றே அதன் வேலை. வெயிலிலும் திரை தெளிவாகத் தெரியும். மேப் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த மேப்பைப் புதுப்பிக்காவிட்டால் புதிய சாலை தெரியாது. நம் நாட்டில் சாலை போடும் வேகத்துக்கு இரண்டு வருடத்துப் பழைய மேப் கிழவர் சொல்லும் வழி போலத்தான். "அங்கே ஒரு புளியமரம் இருக்கும்" என்பார். மரம் எப்போதோ போயிருக்கும்.

மூன்றாவது, செல்போனும் அதிலுள்ள செயலியும். பெரும்பாலோருக்கு இதுவே போதும். தனிக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல போனுக்கும், உறுதியான ஹோல்டருக்கும், சார்ஜருக்கும் பிரித்துச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

எந்தச் செயலி? கூகுள் மேப்ஸ் எல்லோருக்கும் தெரியும். மேப்மைஇந்தியா என்ற இந்திய நிறுவனத்தின் மேப்பிள்ஸ் என்ற செயலியும் இருக்கிறது. அந்த நிறுவனம் 1995 முதல் இந்தியாவுக்கு மேப் செய்துவருகிறது. எது சிறந்தது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். ஓட்டுநரே சோதித்துப் பார்க்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

நன்றாகத் தெரிந்த பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்கள் போதும். அங்கே ஒருவழிப்பாதை எது, முட்டுச்சந்து எது, புதிதாக மூடிய சாலை எது என்று அவருக்கு அத்துப்படி. அந்த இடத்துக்கு இரண்டு செயலிகளிடமும் வழி கேட்க வேண்டும். எது முட்டுச்சந்துக்குள் அனுப்புகிறது? எது மேம்பாலத்தின் மேலே போவதா, கீழே போவதா என்று சரியாகச் சொல்கிறது? திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் குரல் வருகிறது? தெரிந்த ஊரில் பொய் சொல்லும் செயலி தெரியாத ஊரில் உண்மை சொல்லும் என்று நம்புவதற்கில்லை. ஒரு வாரம் இப்படிச் செய்தால் விடை தெரிந்துவிடும். விடை ஊருக்கு ஊர் மாறலாம். போனில் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

வண்டி எதுவோ, வழி அதுவே

செயலியைத் திறந்ததும் வண்டி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. கார் படம் இருக்கிறது, இருசக்கர வண்டிப் படம் இருக்கிறது. கூகுள் மேப்ஸ் இருசக்கர வண்டிக்கான வழியை முதன்முதலில் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது.

இதனால் என்ன லாபம்? கார் நுழையாத சந்தில் பைக் நுழையும். கார் போகும் சில சாலைகளில் பைக் போகக் கூடாது. மும்பையில் பாந்த்ராவையும் வோர்லியையும் இணைக்கும் கடல் பாலத்தில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்கும் ஆட்டோவும் போக முடியாது, பக்கச் சாலையில்தான் போக வேண்டும். கார் படத்தைத் தொட்டுவிட்டு பைக்கில் கிளம்பினால் செயலி அங்கே அனுப்பும். போலீஸ்காரர் நிறுத்துவார். "மேப் சொன்னது ஐயா" என்றால் அவர் கேட்பாரா?

லாரிக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். பொதுவான மேப் செயலிகள் காரை மனதில் வைத்து வழி சொல்பவை. லாரியின் உயரம் என்ன, எடை என்ன என்று அவை கேட்பதில்லை. தாழ்வான ரயில்வே பாலத்தின் கீழ் கார் போய்விடும். மூட்டை அடுக்கிய லாரி மாட்டிக்கொள்ளும். கனரக வண்டி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை நகருக்குள் வரக் கூடாது என்ற தடை டெல்லி போன்ற ஊர்களில் உண்டு. கொல்கத்தாவில் சில தெருக்கள் காலையில் ஒரு பக்கம் ஒருவழிப்பாதை, பிற்பகலில் எதிர்ப்பக்கம் ஒருவழிப்பாதை. இதற்கெல்லாம் சாலையோரப் பலகையைப் படிப்பதுதான் வழி. லாரியின் உயரத்தையும் எடையையும் உள்ளே குறித்துக்கொண்டு வழி சொல்லும் தனிக் கருவிகளும் செயலிகளும் உலகில் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அதில் இந்தியச் சாலைகளின் பால உயரம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. லாரி ஓட்டுநர்கள் இன்றும் தாபாவில் டீ குடித்துக்கொண்டே எதிரே வந்தவரிடம் சாலை விசாரிக்கிறார்கள். அது பழைய பழக்கம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

பல வீடுகளுக்குப் பொருள் கொடுப்பவருக்கு வேறொரு சிக்கல். காலையில் 10 பார்சல். எந்த வரிசையில் போவது? 10 வீடுகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 36,28,800 விதம்! கூகுள் மேப்ஸில் பல நிறுத்தங்களைச் சேர்க்கலாம். ஆனால் அது சேர்த்த வரிசையிலேயே கூட்டிப் போகும், தானாக வரிசையை மாற்றாது. வரிசையைச் சீர்படுத்துவதற்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன. பெரும்பாலும் மாதக் கட்டணம் கேட்கும். தினமும் 30, 40 பார்சல் கொடுப்பவருக்கு அது கட்டுபடியாகும். நாலைந்து பார்சலுக்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும்.

முகவரியும் பின்னும்

நிறுவனத்தின் டெலிவரி செயலியில் மேப் ஏற்கெனவே இருக்கும். வாடிக்கையாளர் தொட்டுக் காட்டிய இடத்தில் ஒரு குண்டூசிக் குறி நிற்கும். பின் என்கிறார்கள். அந்தக் குறி வீட்டு வாசலில் இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் உள்ள தெருவிலும் இருக்கலாம். வாடிக்கையாளர் ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் போட்டிருந்தால் ஆபீசிலேயே நிற்கும். ஆகவே கிளம்பும் முன் குறியையும் எழுதிய முகவரியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. இரண்டும் ஒத்துவராவிட்டால் அப்போதே போன் செய்ய வேண்டும், பாதி வழியில் அல்ல.

இன்னொரு செய்தி. ஊழியருக்குக் கிடைக்கும் பணம் பல இடங்களில் செயலி கணக்கிடும் தூரத்தைப் பொறுத்தது. குறி தவறாக இருந்து 3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் அது யார் கணக்கில் சேரும்? கிளம்பும்போதும் சேரும்போதும் வண்டியின் கிலோமீட்டர் எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பது நல்லது. திரையைப் படம் எடுத்தும் வைக்கலாம். பிறகு கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். எழுதத் தெரிந்தவர் ஏன் இளிச்சவாயராக இருக்க வேண்டும்?

தபால்துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடைக் கொண்டுவந்தது. அது தபால் பிரிக்கப் பிறந்தது. வீட்டு வாசலைக் காட்டாது. 2025 மே மாதம் அதே தபால்துறை டிஜிபின் என்ற புதிய முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 குறிகளைக் கொடுத்திருக்கிறது. வயல் நடுவே உள்ள வீட்டுக்கும், தெருப்பெயர் இல்லாத குடிசைப் பகுதிக்கும்கூட ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. எல்லா டெலிவரி செயலிகளும் இதை ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர் இந்தக் குறியைச் சொன்னால் அது என்ன என்று தெரிந்திருப்பது நல்லது.

திரை பார்க்காதது

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொடுமை நடந்தது. ராம்கங்கா ஆற்றின் மேல் ஒரு பாலம். அதன் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பாலத்தின் மேல் வந்த கார் ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் மேப் காட்டிய வழியில் வந்ததாகச் செய்திகள் வந்தன. சாலையை அடைத்துத் தடுப்பு வைக்காதது பெரிய குற்றம். ஆனால் திரையில் இருக்கும் கோடு சாலையே அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. யாரோ எப்போதோ வரைந்த கோடு அது.

2020 ஜூலையில் டெல்லியில் மின்டோ பாலத்தின் கீழே மழைநீர் தேங்கியது. அதில் சிறு சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் மூழ்கி இறந்தார். தண்ணீரின் ஆழத்தை எந்தச் செயற்கைக்கோளும் அளந்து சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதை முன்னால் வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்னே போன வண்டி கரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். "நேராகச் செல்லவும்" என்று குரல் நூறு முறை சொன்னாலும் போகக் கூடாது. செயலி வேறு வழி தேடித் தரும். அதற்குக் கோபம் வராது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது தனி ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி அது குற்றம். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. ஓட்டுநரின் கவனம் சிதறாதபடிதான் பயன்படுத்த வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆகவே ஹோல்டர் வேண்டும். பார்வையை மறைக்காத இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். இடத்தைக் கிளம்பும் முன்பே தட்டிவைத்துவிட வேண்டும். ஓடும்போது காது கேட்டால் போதும். அதற்காக இரண்டு காதையும் இயர்போனால் அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது.

குரலை ஓட்டுநருக்குத் தெரிந்த மொழியில் மாற்றிக்கொள்ளலாம். இந்தி, தமிழ் போன்ற நம் மொழிகள் இருக்கின்றன. ஒன்று சொல்ல வேண்டும். குரல் மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள் சிலர். குரல் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு கதவில் எழுதிய எண்ணைப் படிக்க வேண்டியவர் ஓட்டுநர்தான்.

வெயிலைப் பற்றி. கோடையில் வடஇந்தியாவில் 45 டிகிரி சாதாரணம். கண்ணாடிக்கு அருகே வைத்த போன் கொதித்துத் திரை மங்கும், சில நேரம் அணைந்தே போகும். காரில் ஏ.சி. காற்று படும் இடத்தில் ஹோல்டரை வைக்கலாம். பைக்கில் மூடிய பிளாஸ்டிக் உறை மழைக்கு நல்லது, வெயிலுக்கு அடுப்பு. பைக்கின் அதிர்வும் ஒரு தொல்லை. அதிர்வால் காமிரா கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் போனின் விலையைவிடக் குறைவு. எப்போதும் மேப் ஓடினால் பேட்டரி வேகமாகத் தீரும். வண்டியிலேயே நல்ல சார்ஜர் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மலைப்பக்கம் போகிறவர் கிளம்பும் முன்பே வீட்டில் அந்தப் பகுதியின் மேப்பைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். டவர் இல்லாத இடத்திலும் வழி தெரியும், நெரிசல் விவரம் மட்டும் வராது. இறக்கிவைத்த மேப் பழசாகும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மணாலிக்கு அப்பால் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோள் அலையே வராது. நீலப் புள்ளி நின்றுவிட்டாலோ தாவினாலோ பயப்பட வேண்டாம். வெளியே வந்த சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

அந்த பெங்களூர் ஊழியர் என்ன செய்யலாம்? வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். எந்த லேஅவுட்? வீட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது? லொக்கேஷனை வாட்சப்பில் அனுப்ப முடியுமா? வீட்டைக் கண்டுபிடித்ததும் வாசலில் நின்று அந்த இடத்தைப் போனில் சேமித்துக்கொள்ளலாம். மேப்பில் தவறு இருந்தால் அங்கேயே திருத்தம் அனுப்ப இடம் இருக்கிறது. அடுத்த வாரம் வேறொரு ஊழியர் அதே வீட்டுக்குப் பார்சலோடு வருவார். அவர் அந்த எட்டாவது கிராஸில் நின்று தவிக்க வேண்டியிருக்காது.